விநாசித்தம்பியின் பரஸ்தானம்

1924-ஆம் வருடம் மே மாதம் பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு விநாசித்தம்பி பினாங்கை விட்டு ஊருக்குப் போனார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் சௌராஸ்தா சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டும் நடந்தவைதான். முதலாவதற்குக் கப்பலின் சரக்குப் பட்டியல் சாட்சி. இரண்டாவதற்கு வெண்டைக்காய் விற்றவள் சாட்சி, ஆனால் அவளும் அவரிடம் காசை வாங்கி முடிந்துகொண்டு, "பாவம், அந்தக் கிராணி ஐயா ஊருக்குப் போயிட்டாரு. எப்பவும் எங்கிட்டதான் வாங்குவாரு" என்று அவரிடமே சொன்னாள். அன்று காய் கொஞ்சம் முற்றலாக இருந்தது.

விநாசித்தம்பி யாழ்ப்பாணத்து அளவெட்டிக்காரர். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் இரண்டாம் கிராணி. அதாவது, வரும் கடிதங்களைப் பதிந்து, எண் போட்டு, நூல் கோத்து அடுக்கும் எழுத்தர். முப்பத்தொரு வருடம் அந்த வேலையைப் பார்த்ததில் ஒரு கடிதம்கூடத் தவறியதில்லை. மனைவி செல்வநாயகி பினாங்குக்கு வந்து மூன்று வருடம் அவருடன் குடித்தனம் செய்தாள். இங்கே பிறந்த மகள் யோகம்மாவுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்ததால், குழந்தைக்கு இரண்டு வயதானபோது, 1907-இல், தாயும் பிள்ளையும் ஊருக்குப் போனார்கள். அடுத்த விடுப்பில் வருகிறேன் என்று அவர் கப்பல் துறையில் நின்று சொன்னார். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நீண்ட விடுப்பு உண்டு. முதல் விடுப்பு 1909-இல் வந்தபோது தலைமைக் கிராணி நோயாளியாகிவிட, அந்த இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியதாயிற்று. வெறுங்கையாகக் கடிதம் எழுத மனம் வராமல், எதிர்க்கரைச் செபராங் பிறையில், கம்பம் எனப்படும் மலாய்க் கிராமம் ஒன்றில், ஒரு வீட்டின் வராந்தாவில் கிடந்த, நாலு பேர் உட்காரக்கூடிய பழைய வாங்கு ஒன்றை வாங்கி, பிரித்து, கட்டி, ஊருக்கு அனுப்பினார். எழுபது வருடத்துப் பழைய வாங்கு. ஆணி ஒன்றுகூடக் கிடையாது. வீட்டார் அதை நடுக்கூடத்தில் போட்டார்கள். விடுப்பு அப்படிக் கழிந்தது.

1914-இல் போர் வந்து கப்பல்களில் பட்டாளம் ஏறியது. அவருக்குப் பதிலாக ஒரு கட்டில் போயிற்று. 1919-இல் விஷக்காய்ச்சல் பரவி, துறைமுகத்தில் ஆட்களை மாதக்கணக்கில் தடுத்து வைத்தார்கள். யோகம்மா பெரியபிள்ளையான சடங்குக்கு அவருக்குப் பதிலாகக் கண்ணாடி பதித்த மேசை ஒன்று போயிற்று. ஞாயிற்றுக்கிழமை தோறும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பம் கம்பமாகப் போவது அவருக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. சாமானை அவர் புகழவே மாட்டார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். இழுப்பறையை உருவித் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், விரல் மொளியால் மூன்று இடத்தில் தட்டிக் காது வைப்பார். வாங்கியபின் ஒவ்வொரு துண்டுக்கும் சிவப்பு மையில் எண் எழுதி, வைக்கோலும் சாக்கும் சுற்றி அனுப்புவார். பின்னாலேயே ஒரு கடிதம் போகும்: ஒன்றாம் காலை இரண்டாம் சட்டத்தில் பொருத்தவும், மூன்றாம் முளையைத் தட்டும்போது துணி வைத்துத் தட்டவும். செல்வநாயகியின் தம்பி கந்தப்பு அளவெட்டியில் அதை உரக்கப் படிக்க, மற்றவர்கள் பொருத்துவார்கள். சாக்குப் பொதி வண்டியில் வந்து இறங்கும்போதெல்லாம் கந்தப்பு கேட்பான்: "அக்கா, இந்த முறையும் மரமோ, இல்லை மனுசனோ?" செல்வநாயகி உரித்த வைக்கோலை மாட்டுக்குப் போடுவாள்.

யோகம்மாவுக்குக் கலியாணம் நிச்சயமானது 1924 மாசியில். ஆனி ஆறாம் தேதி முகூர்த்தம். விநாசித்தம்பிக்கு மே முப்பத்தொன்றாம் தேதி பென்ஷன். எல்லாம் தைத்து வைத்ததுபோல் பொருந்தியது. ஜூன் இரண்டாம் தேதிக் கப்பலில் ஏறினால் பத்தாம் தேதிக்குள் வீட்டில் இருக்கலாம், மகளைத் தன் கையால் தாரை வார்த்துக் கொடுக்கலாம். இந்த ஒன்றைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. "இந்த முறை மனுசன்தான் வாறான்" என்று கந்தப்புவுக்கு எழுதினார். இருந்தாலும் கலியாண வீட்டுக்கு வெறுமனே போகக் கூடாதென்று, சித்திரை மாதத்து ஞாயிறு ஒன்றில் மலையைச் சுற்றி பாலிக் புலாவுக்குப் போய், சலேஹா என்ற விதவையின் வீட்டில் ஓர் அலமாரியைப் பார்த்தார். இரண்டு கதவு. மெர்பாவ் மரம், இரும்பே கிடையாது, கீல்கூட மரக்கீல். சாதிக்காய்த் தோட்டத்து வீடு என்பதால் உள்ளே சாதிக்காய் வாசம் ஊறிப்போயிருந்தது. உயரத்தைப் பார்க்க அளவுகோலை மறந்து வந்ததால் பக்கத்தில் நின்று பார்த்தார். அவர் உயரம்தான்.

சலேஹா தன் மகள் வீட்டோடு போகப் போகிறவள். விலை பேசி முடிந்ததும், "இதோடு யார் போகிறது, கிராணி? தனியாக அனுப்பக் கூடாது" என்று மலாயில் கேட்டாள். "நானேதான் போகிறேன்" என்றார் அவர். அவள் அலமாரியின் கதவில் கை வைத்து, போகப்போகும் ஊரின் பெயரை அவரிடம் இரண்டுமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு அதனிடம் சொன்னாள். அளவெட்டி என்ற சொல் அவள் வாயில் சரியாக வரவில்லை. ஆனாலும் விடாமல் சொன்னாள்.

இனி நடந்தது முழுக்க விநாசித்தம்பியின் ஒழுங்கினால் நடந்தது. பஞ்சாங்கத்தைப் பார்த்தபோது, ஜூன் முதல் வாரத்தில் கடற்பயணத்துக்கு ஒரு நாளும் நன்றாக இல்லை. நல்ல நாள் மே பதினாலாம் தேதி புதன்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பத்தரை. அன்றைக்கோ கந்தோரில் அவர் இடத்துக்கு ஆள் வந்து சேரவில்லை. இப்படிப்பட்ட இக்கட்டுக்குத்தான் பரஸ்தானம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. நல்ல நேரத்தில் தானே புறப்பட முடியாதவர், தன்னுடைய வேட்டியையோ குடையையோ அந்த நேரத்தில் வெளியே அனுப்பி, வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவார். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகும். பிறகு முடிந்த நாளில் போய் அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு மேலே போகலாம், தோஷமில்லை. யாழ்ப்பாணத்துக் கிராணிமார் எல்லாரும் செய்ததுதான். குடையை மட்டும் அனுப்பியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் அதே புதன்கிழமை காலை அவர் வீட்டிலிருந்து அலமாரியைத் துறைமுகக் கிட்டங்கிக்கு ஏற்றிப்போக மாட்டுவண்டி வருவதாக இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு பொருளை இரண்டு இடத்துக்கு அனுப்புவது முறைகெட்ட வேலை என்று அவருக்குப் பட்டது. அலமாரியையே பரஸ்தானமாக வைத்துவிட்டார். உள்ளே தன் பட்டு வேட்டி, சால்வை, குடை, சாதகக் குறிப்பு ஆகிய நான்கையும் அடுக்கிப் பித்தளைச் சாவியைத் திருப்பி அதிலேயே விட்டார். இந்த ஒன்றை மட்டும் அவர் பிரிக்கவில்லை. முழுசாகவே பெட்டி அடித்தார். பெட்டியின் மேல் தெளிவாக எழுதினார்: அனுப்புபவர், விநாசித்தம்பி. பெறுபவர், விநாசித்தம்பி.

கிட்டங்கியில் அதைப் பொறுப்பேற்றவர் செபாஸ்டியன். கப்பல் ஏஜெண்டு ஒருவரிடம் சரக்கு எழுதும் வேதக்காரர், பதினைந்து வருடமாக விநாசித்தம்பியின் பொதிகளைக் கையாண்டவர். ஜூன் இரண்டாம் தேதி வரை அது அவர் பொறுப்பில் இருக்க வேண்டும், அன்றைக்கு விநாசித்தம்பி வந்து தொட்டு எடுத்துக்கொண்டு கப்பலேறுவார் என்பது ஏற்பாடு. ஆனால் வெள்ளிக்கிழமை கொழும்புக் கப்பலில் இடம் மிச்சமிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் செபாஸ்டியன் சைக்கிளில் வந்து, வாசலில் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டே சொன்னார்:

"அண்ணே, நல்ல சேதிலா. உங்க பெட்டிய நேத்தே ஏத்திட்டேன். உங்களுக்கு முன்னால போய் நிக்கும். கல்யாண வீட்டுக்கு சாமான் லேட்டா போனா நல்லாவா இருக்கும்?"

"ஏத்திப்போட்டியோ? நான் இன்னும் எடுக்கேல்லையே, தம்பி."

"எடுக்க என்னண்ணே இருக்கு. நாலு பேரு தூக்கி தொங்கான் படகுல வெச்சாங்க, கப்பல்ல ஏறிடுச்சு." சொல்லிவிட்டுச் செபாஸ்டியன் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, "ஆமா, நீங்க எந்தக் கப்பல்ல போனீங்க?" என்றார்.

திங்கட்கிழமை கந்தோருக்குப் போனபோது வருகைப் பதிவேட்டில் அவர் பெயர்மேல் சிவப்புக் கோடு இழுத்திருந்தது. அவருடைய முக்காலியைச் சாமான் அறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். யாரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. அவர் வணக்கம் சொன்னால், சுவரில் மாட்டிய படத்தைப் பார்ப்பதுபோல் ஒரு நிமிடம் பார்த்து, "நல்ல மனுசன். இந்நேரம் நடுக்கடலில் இருப்பார்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். அவர் எண் போட்ட கடிதத்துக்கு இன்னொருவர் மறுபடி எண் போட்டார். சவரக்காரர் அவருக்கு முகம் வழித்துவிட்டு, கிராணி போனதிலிருந்து திங்கட்கிழமைகளில் கடை காலியாகக் கிடக்கிறது என்றார். வீட்டுக்காரர் வீட்டைப் பூட்ட வந்தார். உள்ளே ஆள் இருப்பதைக் கண்டு, புதுக் குடித்தனம் என்று நினைத்து வாடகை பேசினார். செபாஸ்டியனுக்கு மட்டும், தான் செய்த வேலை என்பதாலோ என்னவோ, காலையில் அவர் போய்விட்டவராகவும் சாயங்காலத்தில் போகாதவராகவும் தோன்றிக்கொண்டிருந்தது. அதனால் சாயங்காலங்களில் மட்டும் வந்து யோசனை பேசினார்.

ஜூன் இரண்டாம் தேதி அவர் சீட்டு வாங்கிக் கப்பலேறினார். தளத்தில் பாய் விரித்துக் கண்ணயர்ந்து, எழுந்தபோது பாயோடும் பெட்டியோடும் துறையில் கிடந்தார். கப்பல் போய்விட்டிருந்தது. ஐந்தாம் தேதி தூங்காமல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நங்கூரம் எடுத்ததும், மேடையில் நிற்பவரைக் கடந்து ரயில் போவதுபோலக் கப்பல் அவரைக் கடந்து போயிற்று. கம்பி அவர் கைகளுக்குள் வழுக்கிக்கொண்டே போய், கடைசியில் பின்பக்கக் கம்பியும் நழுவியது. அவர் துறையின் படியில் நின்றிருந்தார். கால்கூட நனையவில்லை. உள்ளங்கையில் மட்டும் வெள்ளைச் சாயம்.

மூன்றாவது முறை செபாஸ்டியன் ஒரு வழி சொன்னார்: ஆளாகப் போனால்தானே இந்தத் தொல்லை, சரக்காகப் போனால் என்ன? தொங்கான் கூலிகளின் தலைவர் முனுசாமி பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, காற்றுக்குத் துளை போட்டு, உள்ளே வைக்கோல் பரப்பிக் கொடுத்தார். விநாசித்தம்பி தன் கையாலேயே மேலே விலாசம் எழுதிவிட்டு உள்ளே உட்கார்ந்தார். ஒன்பதாம் தேதி காலை போன பெட்டி மத்தியானம் அதே தொங்கானில் திரும்பி வந்தது. முனுசாமி மூடியைத் திறந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு விவரம் சொன்னார்:

"கப்பல் கிராணி பட்டியல பாத்தாரு அண்ணே. இந்தப் பேருக்கு, இந்த ஊருக்கு, மே மாசமே சரக்கு ஒப்படைச்சாச்சாம், கையெழுத்து வாங்கியாச்சாம். ஒரே ஆள ரெண்டு தடவ ஒப்படைக்க முடியாதுங்கிறாரு."

"நான் இஞ்சை இருக்கிறனே."

"நானும் சொன்னேன். ஆனா அவரு சொல்றதும் நியாயமாத்தான் இருக்கு."

ஆனி ஆறாம் தேதிக்குள் போய்ச் சேரக்கூடிய கப்பல் அதன்பின் இல்லை. முகூர்த்த நாளன்று விநாசித்தம்பி விடியுமுன் குளித்தார். பட்டு வேட்டி அலமாரியோடு போய்விட்டதால் வெளுத்த நாலுமுழம் ஒன்றைக் கட்டிக்கொண்டு, மேற்குப் பார்த்து உட்கார்ந்தார். செபாஸ்டியனும் அவர் மனைவி மார்த்தாவும் துணைக்கு வந்திருந்தார்கள். குறித்த நேரம் வந்ததும், இருந்த இடத்திலிருந்தே தாரை வார்க்கலாம் என்று செம்பை எடுத்துச் சாய்த்தார். தண்ணீர் விழவில்லை. முழுக்கக் கவிழ்த்தார். செம்பு நிறையத் தண்ணீர் அப்படியே நின்றது. மார்த்தா மெதுவாக அதை அவர் கையிலிருந்து வாங்கி நிமிர்த்தி வைத்து, "விடுங்கண்ணே, அங்க ஊத்தியாச்சு போலிருக்கு" என்றாள்.

அது உண்மைதான் என்பது ஜூலை மாதத்தில் கந்தப்பு எழுதிய கடிதத்தில் தெரிந்தது. கடிதம் செபாஸ்டியனுக்கு வந்தது. அத்தானைச் சிராய்ப்பு ஒன்றும் இல்லாமல் அனுப்பி வைத்ததற்கு நன்றி சொல்லி எழுதியிருந்தான். மல்லாகம் ஸ்டேஷனில் இறக்கியபோது எல்லாருக்கும் கண் கலங்கியதாம். பதினேழு வருடத்தில் கொஞ்சம் கறுத்திருக்கிறார், தோள் அகன்றிருக்கிறார், மற்றபடி அதே அத்தான். வண்டியில் ஏற்ற எட்டுப் பேர் வேண்டியிருந்தது. செல்வநாயகி அக்கா வாசலில் ஆரத்தி எடுத்தாள். கலியாணத்தன்று பட்டு வேட்டியும் சால்வையும் சாத்தி மணவறைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஐயர் மந்திரம் சொல்லி முடித்த கணத்தில் வலது கதவு தானாகத் திறந்து, மேல்தட்டில் வைத்திருந்த செம்பு ஒருவர் கையும் படாமல் சாய்ந்து, மாப்பிள்ளை கையில் ஒரு துளி சிந்தாமல் தாரை விழுந்தது. கந்தப்பு முடிவில் எழுதியிருந்தான்: "அத்தான் ஒருவரோடும் கதைக்கேல்லை. அவர் முந்தியும் அப்பிடித்தானே. யோகம்மா காலிலை விழுந்து எழும்பேக்கை, முகமெல்லாம் சாதிக்காய் வாசம்."

விநாசித்தம்பி அந்தக் கடிதத்தை இரண்டுமுறை படித்தார். பிறகு தண்ணீர்மலைக் கோயிலில் தனக்குத் தெரிந்த குருக்களிடம் போய் யோசனை கேட்டார். குருக்கள் விரல் விட்டு எண்ணிப் பார்த்துச் சொன்னது இதுதான்: ஓரிடத்தை விட்டுப் போனவர் அங்கேயிருந்து மறுபடி போக முடியாது. முதலில் திரும்பி வர வேண்டும். பரஸ்தானப் பொருள் பினாங்குக்கு வந்து, அவர் கையால் எடுத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும். கேட்க எளிதாகத்தான் இருந்தது. அலமாரியை அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பும்படியும், வந்த மறுநாளே தான் அதோடு புறப்பட்டுவிடுவதாகவும், காரணங்களை ஒன்று இரண்டு மூன்று என்று எண் போட்டு, விநாசித்தம்பி மனைவிக்கு எழுதினார். இரண்டு மாதத்தில் நான்கு கடிதம். ஐந்தாவதற்குப் பிறகு பதில் வந்தது, அவர் பெயருக்கல்ல, 'பினாங்கிலிருந்து எழுதும் ஐயா அவர்களுக்கு' என்று.

செல்வநாயகி எழுதியிருந்தாள்: "நீங்கள் யார் எண்டு எனக்குத் தெரியாது. எழுத்து இவரின்ரை எழுத்து மாதிரித்தான் இருக்குது. ஆனால் இவர் வீட்டிலை நிக்கிறார். இவரைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேக்கிறியள். பதினேழு வருசம் நான் வாசல் படலையைப் பார்த்துக்கொண்டு இருந்தனான். வாங்கு வந்தது, கட்டில் வந்தது, மேசை வந்தது. கடைசியிலை இவர் வந்தார். வந்த மனுசனை இனி நான் ஒரு கப்பலுக்கும் குடுக்கமாட்டன். கோவிக்க வேண்டாம்."

பிழை கண்டுபிடிப்பதிலேயே காலம் கழித்தவர் விநாசித்தம்பி. அந்தக் கடிதத்தில் பிழை ஒன்றும் அவருக்கு அகப்படவில்லை. அதற்கு ஓர் எண் போட்டுக் கோப்பில் சேர்த்தார். திருப்பி அனுப்பச் சொல்லி அதன்பின் எழுதவில்லை.

பென்ஷன் அளவெட்டிக்கே போயிற்று. வருடா வருடம் ஆள் உயிரோடிருப்பதை உறுதிப்படுத்த வரும் ஊர் விதானையார், கதவைத் திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். பினாங்கில் இவர் தபால் கந்தோருக்கு எதிரே ஒரு சின்ன மேசை போட்டு, துறைமுகக் கூலிகளுக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து வாழ்ந்தார். கூட்டம் குறையவில்லை. இவர் எழுதினால் கடிதம் சொன்ன இடத்துக்குத் தவறாமல் போய்ச் சேர்ந்தது. 'போன கிராணி' என்று பெயர் விழுந்துவிட்டது. 1924-க்குப் பின் வந்தவர்கள் அதைக் குடும்பப் பெயர் என்று நினைத்தார்கள். ஒவ்வொரு வைகாசியிலும் அவர் ஒருமுறை கப்பலேறிப் பார்த்தார், துறைப் படியில் நின்று முடித்தார். நாலைந்து வருடத்தில் கப்பல்காரர்கள் அவருக்குச் சீட்டே கேட்காமல் விட்டார்கள்.

1931-இல் யோகம்மா பினாங்குக்கு வந்தாள். அவள் புருஷனுக்கு இங்கே கிராணி வேலை கிடைத்திருந்தது. ஐந்து வயது மகனும் வந்தான். குடிவந்த வாரமே தபால் கந்தோர் எதிரே வந்து நின்று கேட்டாள்:

"ஐயாதானே பழைய சாமான் பார்த்து எடுத்துத் தருவியள் எண்டு சொல்லிச்சினம்?"

அவருக்கு யாரென்று சொல்லத் தேவைப்படவில்லை. செல்வநாயகியின் நெற்றி, அவருடைய சொந்தக் காது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஓம் பிள்ளை. என்ன சாமான் வேணும்?" என்றார்.

"மகன் இருந்து படிக்க ஒரு மேசை. புதுசு வேண்டாம். எங்கட வீட்டிலை எல்லாம் பழைய மலாயாச் சாமான்தான். அதிலையே பழகிப் போட்டுது."

மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பஸ்ஸில் கம்பம் கம்பமாகப் போனார்கள். அவள் ஒன்றையும் புகழவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்தாள். இழுப்பறையை உருவித் திருப்பி, முகர்ந்து, மொளியால் மூன்று இடத்தில் தட்டிக் காது வைத்தாள். பொருத்தும் முறை எழுதிய கடிதங்களைச் சின்ன வயதில் பாடம்போலப் படித்ததாகச் சொன்னாள். மூன்றாம் ஞாயிறு பாலிக் புலாவில் மேசை அகப்பட்டது. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவர் சொல்லிவிட்டார்.

"பிள்ளை, நான்தான் விநாசித்தம்பி."

"அப்பிடியோ? அப்பாவுக்கும் அந்தப் பேர்தான்." அவள் திரும்பி அன்பாகப் பார்த்தாள். "எங்கட பக்கத்திலை கனபேருக்கு அந்தப் பேர். ஐயாவும் அளவெட்டிதானோ? அப்பாவைத் தெரிஞ்சிருக்குமே."

"தெரியும். ஒரே கந்தோரிலை இருந்தனாங்கள்." பிறகு கேட்டார்: "அப்பா என்ன மாதிரி? கதைக்கிறவரோ?"

"கதைக்கமாட்டார். அம்மா சொல்லுவா, முந்தியும் கடிதத்திலைதானாம் கதை. கலியாணம் வரைக்கும் எனக்கு அப்பா எண்டால் ஒரு சாக்குப் பொதி. அவிழ்த்தால் உள்ளுக்கை வேறை என்னவோ இருக்கும்." அவள் சிரித்தாள். "இப்ப வீட்டுக்கை போனால் நிக்கிறார். மகன் பிறந்து நான் காய்ச்சலோடை கிடக்கேக்கையும் பக்கத்திலை நிக்கிறார். உடுப்பெல்லாம் அவரிட்டைத்தான் குடுத்து வைக்கிறது. அவ்வளவும் எனக்குக் காணும்தானே, ஐயா?"

"ஓம்" என்றார் விநாசித்தம்பி. "அது காணும்."

"ஒரு குறைதான். மாரி தொடங்கினால் இடது கதவு இறுகிப் போகுது. திறந்தால் முனகிறார். நோ போலை. அம்மா அதைக் கேட்டு அழுறா. எல்லா எண்ணெயும் விட்டுப் பார்த்தாச்சு."

"எண்ணெய் விடக்கூடாது. மரக்கீல் எண்ணெய் குடிச்சால் ஊதும்" என்றார் அவர் உடனே. பஸ் வந்தது.

வியாபார மந்தத்தில் ஆட்குறைப்பு வந்து, 1933 ஆடியில் யோகம்மாவின் புருஷனுக்கு வேலை போயிற்று. குடும்பம் ஊருக்குத் திரும்பியது. மேசையை விநாசித்தம்பியே பிரித்து, எண் எழுதி, வைக்கோல் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். கூடவே தகர டப்பா ஒன்றைக் கையில் தந்தார். தேன்மெழுகில் கராம்பு எண்ணெய் ஐந்து துளி விட்டு உருக்கியது. பாலிக் புலாவில் மரக்கீலுக்கு அதைத்தான் தடவுவார்கள். தடவும் முறையை ஒரு தாளில் எட்டு வரியாக எழுதியிருந்தார். செபாஸ்டியன் சரக்குப் பட்டியலை நான்குமுறை சரிபார்த்தார். அந்த நாளில் அவர் தலை நரைத்துவிட்டிருந்தது.

"அப்பாவுக்கு என்ன சொல்லட்டும், ஐயா?" என்று கேட்டாள் யோகம்மா, கப்பலின் படியில் நின்று.

"நான் சுகமாய் இருக்கிறன் எண்டு சொல்லும். இடது கதவைப் பலமாய் இழுக்க வேண்டாம் எண்டு அம்மாவிட்டைச் சொல்லும்."

அவர் அந்த வருடம் கப்பலேறிப் பார்க்கவில்லை. கப்பல் தூரப் போகிறவரை நின்றுவிட்டு, எழுத வேண்டிய கடிதங்கள் காத்திருந்ததால் மேசைக்குத் திரும்பினார்.

கார்த்திகையில் செல்வநாயகியிடமிருந்து கடிதம் வந்தது. ஒன்பது வருடத்துக்குப் பின் வந்த முதல் கடிதம். ஐயா அனுப்பிய மெழுகு நல்ல குணம் கொடுத்ததென்றும், இந்த மாரியில் இவருக்கு ஒரு முனகலும் இல்லையென்றும், கதவு பூப்போலத் திறக்கிறதென்றும், தானும் ஆறுதலாகத் தூங்குவதாகவும் எழுதியிருந்தாள். "நீங்கள் இவரை நல்லாய் அறிஞ்சவர் போலை இருக்குது. இவரைப் பார்க்கிறதிலை வேறை என்ன கவனிக்க வேணும் எண்டு எழுதினால் புண்ணியம்."

விநாசித்தம்பி அன்றே பதில் எழுதினார். நான்கு பக்கம், எண் போட்டு. மேல்வெயில் நேராகப் படும் இடத்தில் அவரை நிறுத்த வேண்டாம். சுவருக்கும் முதுகுக்கும் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும், காற்று வேண்டும். வலது பின்காலில் ஒரு பழைய ஒட்டு உண்டு, அந்தப் பக்கம் பாரம் ஏற்ற வேண்டாம். மேல்தட்டில் வெளுத்த துணி வைத்தால் அவருக்குப் பிடிக்கும். நாள்முழுதும் பூட்டி வைக்காமல் சாயங்காலத்தில் கொஞ்ச நேரம் கதவைத் திறந்துவிட்டு, பக்கத்தில் யாராவது இருக்கலாம், பேச வேண்டுமென்பதில்லை. முடிவில், அயலாள் ஒருவர் குடும்பப் பெண்ணுக்கு எழுதும்போது எழுத வேண்டிய மரியாதையோடு, 'இப்படிக்கு, தங்கள் கணவரை நன்கு அறிந்த ஒருவன்' என்று எழுதி ஒட்டினார்.

அதற்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு கடிதம் ஒழுங்காகப் போய் வந்தது. அவர் எழுதியபடியெல்லாம் செல்வநாயகி செய்தாள். செய்து முடித்த ஒவ்வொன்றுக்கும் நேரே, செய்தாயிற்று என்று பதில் எழுதினாள்.